பில் ஹேலியை விட்டுப் பிரிந்த மூவர்

கேள்வி: 'ராக் அரவுண்ட் த க்ளாக்' பாட்டில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலியோடு வாசித்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

பதில்: நல்ல கேள்வி, இவர்களைப் பற்றி யாருமே கேட்பதில்லை! 1955-ல் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, ஆனால் ஹேலியின் காமெட்ஸ் குழுவில் பலர் வெறும் சம்பளக்காரர்கள்தான், லாபத்தில் பங்கு கிடையாது. சம்பளத்தை உயர்த்தக் கேட்டும் நடக்கவில்லை. சாக்ஸஃபோன் ஜோயி ஆம்ப்ரோஸ், டிரம்ஸ் டிக் ரிச்சர்ட்ஸ், பாஸ் மார்ஷல் லைட்டில் மூவரும் அதே ஆண்டு வெளியேறி, தங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஜோடிமார்ஸ்' என்று தனிக் குழு தொடங்கினார்கள். ('ராக் அரவுண்ட் த க்ளாக்' ஒலிப்பதிவில் டிரம்ஸ் அடித்தது ரிச்சர்ட்ஸ் இல்லை, பில்லி கஸ்ஸாக்.) கேப்பிட்டல் நிறுவனம் இசைத்தட்டுகள் வெளியிட்டது. பெரிய வெற்றி வரவில்லை, எனக்கு அது இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் லைட்டில் அந்தப் பெரிய பாஸின் தந்திகளை இழுத்து அறைந்து வாசிக்கும் வேகத்துக்கு அன்று ஈடு குறைவு. 1956-ல் வந்த அவர்களுடைய 'கிளாராபெல்லா' பாட்டை லிவர்பூலில் நாலு பேர் கவனித்திருக்கிறார்கள்: 1963-ல் பீட்டில்ஸ் அதை பிபிசி வானொலியில் பாடினார்கள், பாடியது பால் மெக்கார்ட்னி. 1994-ல் அந்த வானொலிப் பதிவு ஓர் ஆல்பத்திலும் வந்துவிட்டது. சரி, முதலில் ஜோடிமார்ஸ் பாடியதைக் கேளுங்கள், பிறகு பீட்டில்ஸ்.