சூடான விமான இன்ஜின் ஸ்டார்ட் ஆக ஏன் அடம்பிடிக்கிறது?

“எஃப்ஐ பைக் சூடாக இருந்தாலும் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன விமானம் மட்டும் ஏன் தகராறு பண்ணுகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அவமானப்பட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். பயிற்சிக்காக வெளி மாநிலத்தில் செஸ்னா 172எஸ் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். மே மாத மத்தியானம் ஓர் ஊரில் இறங்கி, பெட்ரோல் போட்டு, டீ குடித்துவிட்டு 25 நிமிடத்தில் திரும்பினேன். காலையில் செய்தது போலவே பம்பைப் போட்டு, பிரைம் செய்து (ஸ்டார்ட்டுக்கு முன் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே அனுப்பி), சாவியைத் திருப்பினேன். இரண்டு இருமல், குபுக்கென்று கறுப்புப் புகை, அவ்வளவுதான். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மறுபடி பிரைம். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம் என்பது எங்கள் தெரு ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அதிலிருப்பது லைகமிங் கம்பெனியின் ஐஓ-360, 180 குதிரைத்திறன், காற்றால் குளிரும் இன்ஜின். பறக்கும்போது காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். நிறுத்தினால் காற்று நின்றுவிடும். சிலிண்டர் சூடு இன்ஜின் மூடிக்குள்ளேயே மேலே ஏறும். அங்கேதான் பெட்ரோலைப் பங்கு பிரிக்கும் ஃப்ளோ டிவைடரும், அதிலிருந்து நான்கு சிலிண்டருக்கும் போகிற மெல்லிய எஃகுக் குழாய்களும் இருக்கின்றன. விமான பெட்ரோலான ஏவ்கேஸ் 75 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே பத்தில் ஒரு பங்காவது ஆவியாகிவிடும். குழாயில் கிடப்பது கொதித்து, நாசில் வழியாக, சிலிண்டருக்குக் காற்று போகும் இன்டேக்குக்குள் கசியும். உள்ளே கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம், குழாயிலோ ஆவி. எஃப்ஐ பைக்கில் டாங்குக்குள் இருக்கும் மின்சார பம்பு சுமார் 3 பார் அழுத்தம் கொடுப்பதால் பெட்ரோல் அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. இங்கே ஸ்டார்ட் நேரத்தில் அந்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு.

லீவுக்குக் காசிமேடு வந்தபோது நைனாவிடம் சொன்னேன். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கையில் ஸ்பேனரோடு கேட்டுக்கொண்டிருந்தவர், “டீசல் லைன்ல காத்து பூந்துக்கினா நாங்க இன்னா பண்ணுவோம்? ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, நொரை போற வரிக்கும் பம்ப் அடிப்போம். உன் ஏரோப்ளேன்ல காத்து வெளிய போவ எங்கடா வழி வெச்சிக்கிறான்?” என்றார்.

ஆறு மாத வகுப்பில் நான் கேட்காத கேள்வி. லைகமிங்கில் ஆவி வெளியே போகத் தனி வழி கிடையாது. நாசில் வழியாக சிலிண்டருக்குள் போனால்தான் உண்டு. அதனால் சூட்டில் பிரைம் வேண்டாம். பம்பு ஆஃப், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்ச்சர் குமிழ் முழுக்க வெளியே (அப்போது பெட்ரோல் போகாது), த்ராட்டில் கால் அங்குலம் உள்ளே. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆவியை வைத்தே இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் மிக்ஸ்ச்சரை நிதானமாக உள்ளே தள்ள வேண்டும். இடது கை சாவியில், வலது கை மிக்ஸ்ச்சரில். சட்டென்று தள்ளினால் திணறும், தாமதித்தால் அணைந்துவிடும். அந்த இரண்டு விநாடி காதால்தான் வரும்.

என்னைப் போல ஏற்கெனவே ஊற்றிக் கெடுத்திருந்தால், மிக்ஸ்ச்சர் வெளியே இருக்க, த்ராட்டிலைப் பாதிக்கு மேல் திறந்து சுற்ற வேண்டும். பிடித்த கணமே மிக்ஸ்ச்சர் உள்ளே, த்ராட்டில் பின்னால். மறந்தால் விமானம் பாய்ந்துவிடும். கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். ஸ்டார்ட்டருக்கும் கணக்கு உண்டு: 10 விநாடி சுற்று, 20 விநாடி ஓய்வு, மூன்று முறை ஆனால் 10 நிமிடம் கையை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு நான் இதையும் மதிக்கவில்லை, பேட்டரி படுத்துவிட்டது.

இன்னொரு கம்பெனியான கான்டினென்டலின் இன்ஜின்கள் பலவற்றில் நைனா கேட்ட வழி இருக்கிறது. பம்பிலிருந்து டாங்குக்கே திரும்பும் குழாய். மிக்ஸ்ச்சரை வெளியே இழுத்துவிட்டு பூஸ்ட் பம்பை (மின்சார பம்பு) அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓட்டினால் குளிர்ந்த பெட்ரோல் ஆவியைத் தள்ளிக்கொண்டு டாங்குக்குத் திரும்பும். பிறகு வழக்கமான ஸ்டார்ட். எந்த இன்ஜின் என்று பார்க்காமல் ஒன்றின் முறையை இன்னொன்றில் செய்யாதீர்கள், அந்தந்த விமானத்தின் கையேட்டைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் வெயிலில் இறங்கினால் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துகிறேன். மேலே ஆயில் பார்க்கும் சின்னக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டீக்குப் போவது. கிளம்பும்போது அதை மூட மறந்து ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.