பயிற்சிக்குப் போக எந்த விசா?

கேள்வி: பட்டப்படிப்பு முடித்து, பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் ஓராண்டாக வேலை பார்க்கிறேன். ஜெர்மனி கிளைக்கு 8 மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பிசினஸ் விசாவே போதும் என்கிறார் உடன் வேலை செய்பவர். சரியா?

பதில்: போதாது. பிசினஸ் விசா என்பது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான) குறுகிய கால விசாதான்; அதில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்கலாம். உங்களுக்குப் பொருந்துவது ஐ.சி.டி. அட்டை, ஒரே நிறுவனத்துக்குள் நாடு மாறி வேலை செய்வோருக்கான அனுமதி. மேலாளர்களுக்கும் நிபுணர்களுக்கும் 3 ஆண்டு வரை, பயிற்சிக்கு வருவோருக்கு 1 ஆண்டு வரை. பட்டம் வேண்டும், நிறுவனத்தில் 6 மாதமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டும் உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். போய் இறங்கிவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம், விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய பயிற்சித் திட்டம். இதைத்தான் பலரும் அசட்டையாக விடுகிறார்கள். நான் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, ஓர் இளம் பொறியாளருக்கு ‘தொழில் பயிற்சிக்காக’ என்று ஒற்றை வரியில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கூடுதல் விவரம் கேட்டார்கள், ஐந்து வாரம் போயிற்று. அவருடைய குழு அவர் இல்லாமலே பயிற்சியைத் தொடங்கிவிட்டது. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. எந்த மாதம் எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை, முடிவில் என்ன கற்றிருப்பீர்கள், அங்கே என்ன சம்பளம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நிறுவனம் எழுதித் தருவதைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கி, வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.