மன உறுதியும் முழங்கையும்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் ஃபிரிஸ்கோ நகரில் வசிக்கிறேன். 2024 கோடையில் மகனை ரஃப்ரைடர்ஸ் என்ற எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனபோது குமார் ராக்கர் பந்து வீசினார். பெயரைக் கேட்டதுமே மகன் அவர் கட்சி சேர்ந்துவிட்டான். மெட்ஸ் அணியின் துரோகம், தோள் அறுவைசிகிச்சை, முழங்கை அறுவைசிகிச்சை எல்லாவற்றையும் தாண்டி அந்தச் செப்டம்பரில் அவர் மேஜர் லீக் என்னும் உச்ச லீக்குக்குப் போனபோது வீட்டில் கேக் வெட்டினோம். ஆனால் 2025-ல் அடி வாங்கி மறுபடியும் கீழே அனுப்பப்பட்டார். மைனர் என்னும் கீழ் லீக்குகளில் 1.96 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பந்து வீசுபவர் கணக்கில் சேரும் ரன் சராசரி) வைத்திருந்தவர் மேலே போனதும் ஏன் தடுமாறுகிறார்? அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிட்டார்களா? அவர் நம்மவர்தானே? 11 வயதாகும் என் மகன் இரண்டு அணிகளுக்குப் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். இப்போது ராக்கரைப் பார்த்து ஸ்லைடர் என்னும் வளையும் பந்தைப் பழகுகிறான். முழங்கை வலிக்கிறது என்று அவ்வப்போது சொல்வான். ராக்கரின் மன உறுதியைச் சொல்லித் தேற்றி அனுப்புகிறேன். அந்த மன உறுதியைப் பற்றி நீங்கள் எழுதினால் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நம்மவரா என்ற கேள்வியை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அம்மா இந்திய வம்சாவளி, அப்பா டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்றவர். பையனுக்குக் குமார் என்று பெயர் வைத்தார்கள். இதற்கு மேல் ஊர், கோத்திரம் தேடுவது நமக்கு வேண்டாத வேலை.

மெட்ஸ் செய்ததைத் துரோகம் என்று சொல்ல மாட்டேன். 2021-ல், அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் பத்தாவது தேர்வாக எடுத்து, 60 லட்சம் டாலருக்குப் பேசி வைத்திருந்தார்கள். உடற்பரிசோதனையில் வலக்கை பற்றிச் சந்தேகம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார்கள். தேர்வுக்கு முன்பே எம்ஆர்ஐ படத்தைக் கொடுத்து வைக்கும் திட்டத்தில் ராக்கர் சேர்ந்திருக்கவில்லை. அதனால் அணிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. 2022 தொழிலாளர் ஒப்பந்தத்தில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். முன்கூட்டியே பரிசோதனைக்கு உட்படும் முன்னணி வீரருக்கு, அவர் எடுக்கப்படும் இடத்துக்குரிய தொகையில் 75 சதவீதமாவது தந்தாக வேண்டும். ராக்கருக்குத் தோளில் கத்தி வைத்தது அதே 2021 செப்டம்பரில். ஆகவே மருத்துவர்களின் சந்தேகம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. அடுத்த ஆண்டு டிராய் நகரின் டிரை-சிட்டி வேலிகேட்ஸ் அணிக்காக ஐந்தே ஆட்டங்கள் தொடங்கி, 20 இன்னிங்ஸில் பேட் பிடித்த 32 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார், அதற்குப் பெயர் ஸ்ட்ரைக்அவுட். உங்கள் ஃபிரிஸ்கோ அணியின் மேல் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது தேர்வாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. அவர் பக்கத்துக் கணக்கு அதோடு நேராகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி இரண்டு வரிகள். முழங்கை வலிக்கிறது என்கிறான், மன உறுதியைச் சொல்லித் தேற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லைப் பற்றித்தான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மீண்டு வந்த பிட்சர் யாரைப் பற்றிய கட்டுரையானாலும் இந்தச் சொல் வந்து முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. அறுவைசிகிச்சையை ஒரு வரியில் கடந்துவிட்டு, அடுத்த வரியில் அவரை மவுண்டில், பிட்சர் நின்று வீசும் மேட்டில், ஏற்றிவிடுகிறார்கள். ராக்கருக்கு அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில், முழங்கை அறுவைசிகிச்சை நடந்த 2023 மே தொடங்கி மறுபடி ஆடிய 2024 ஜூலை வரை பதினான்கு மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் வீட்டில் அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாக எடுத்து நீட்ட மாட்டீர்கள்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை உள்பக்கம் லேசாக மடக்குங்கள். மணிக்கட்டு நடுவில் கயிறு போல ஒன்று புடைக்கும். அது ஒரு தசைநாண், தசையை எலும்போடு கட்டுவது. சிலருக்குப் பிறப்பிலேயே இருக்காது, இல்லாததால் ஒரு நஷ்டமும் இல்லை. பல பிட்சர்களுக்கு அதை எடுத்துத்தான் முழங்கையின் உட்புறத்தில் அறுந்துபோன தசைநாருக்கு, அதாவது எலும்பை எலும்போடு கட்டும் நாருக்கு, பதிலாக வைக்கிறார்கள். அது இல்லாதவருக்குத் தொடையிலிருந்து எடுப்பார்கள். மேற்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளையிட்டு, அதன் வழியே கோத்து இறுக்குவார்கள். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முதலில் டாமி ஜான் என்ற இடக்கை பிட்சருக்குச் செய்தார். ஜான் 1975 முழுவதும் ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்தவர் 1989 வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை.

முதல் ஒன்றிரண்டு வாரம் முழங்கையை மடக்கிக் கட்டி வைப்பார்கள். ஆறு வார வாக்கில் கை முழுசாக நீளும், மடங்கும். பிறகு தோள், முதுகு, முன்கை, இடுப்பு என்று பலப்படுத்தும் பயிற்சி. நாலைந்து மாதம் கழித்துத்தான் கையில் பந்து வரும். 45 அடி தூரம், 25 வீச்சு, ஐந்து பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி 25. அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் கிடையாது, ஒருநாள் விட்டு ஒருநாள். 60 அடி, 90, 120, 150, 180 என்று தூரம் கூடும். ஒரு படியில் மூட்டில் வலி வந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் மவுண்ட். அங்கும் முதல் நாள் பாதி வேகத்தில் 15 பந்து, எல்லாமே ஃபாஸ்ட்பால் என்னும் நேர் பந்து. வளையும் பந்துகளான ஸ்லைடரும் கர்வும் கடைசிக் கட்டத்தில்தான். பிறகு பேட் பிடித்தவன் முன்னால் வீசுவது, பிறகு ஓர் இன்னிங்ஸ், இரண்டு, மூன்று.

இந்த அட்டவணையில் மிக ஆபத்தான காலம் எது தெரியுமா? வலிக்கும் மாதங்கள் அல்ல. ஐந்திலிருந்து எட்டு மாதம் வரை, கை அருமையாக இருக்கும் காலம். வலி போயிருக்கும், பலம் வந்திருக்கும், 90 அடியில் பந்து கோடு போட்டது போலப் போகும். ஆனால் உள்ளே வைத்த தசைநாண் இன்னும் தசைநாராக மாறி முடிந்திருக்காது. அதற்குள் புதிதாக ரத்தக்குழாய் ஓட வேண்டும், செல்கள் குடியேற வேண்டும், இழைகள் இழுவிசையின் திசையில் படிய வேண்டும். ஓர் ஆண்டுக்கும் மேலே ஆகும். ஒட்டு மாங்கன்று வைத்தவருக்கு இது புரியும். கன்று தளதளவென்று இருக்கிறதே என்று முதல் பூவைக் காய்க்க விடமாட்டார்கள், கிள்ளி எறிவார்கள். இந்த இடத்தில் மன உறுதி மிக்க பிட்சர் என்ன செய்கிறார்? 25 வீசச் சொன்னால் 40 வீசுகிறார். பயிற்சியாளர் பார்க்காதபோது ஒரு ஸ்லைடர் போட்டுப் பார்க்கிறார். மறுநாள் வீங்குகிறது. சில சமயம் விரல்களை மடக்கும் தசை கிழிகிறது, சில சமயம் ஒட்டே அறுகிறது. இரண்டாவது முறை ஒட்டுப்போட்டவர்கள் பழைய தரத்துக்குத் திரும்பும் விகிதம் முதல் முறையைவிடக் குறைவு. வெறும் பிடிவாதத்தால் ஓர் இழைகூடச் சீக்கிரம் படியாது.

இன்னொன்று. காத்திருப்பதற்குப் பணம் வேண்டும். 52 லட்சம் டாலர் வங்கியில் இருக்கிற, மூன்றாவது தேர்வாக வந்த பையனை எந்த அணியும் பதினான்கு மாதம் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும். அதே ஃபிரிஸ்கோ டக்அவுட்டில், வீரர்கள் காத்திருக்கும் பெஞ்சில், தேர்வின் இருபதாவது சுற்றில் வந்தவனும் உட்கார்ந்திருப்பான். 2023-ல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல் ஒப்பந்தம் வந்தபோது, ஃபிரிஸ்கோ ஆடும் டபுள்-ஏ நிலையில் சம்பளம் ஆண்டுக்கு 30,250 டாலர், அதற்கு மேல் நிலையான டிரிபிள்-ஏயில் 35,800 என்று ஆனது. அதற்கு முன்பு டபுள்-ஏயில் 13,800. அவனுக்கு முழங்கை போனால், குணமான கையோடு ஒருநாள் விடுவிப்புக் கடிதம் வரும். அதற்கப்புறம் எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத லீக்குகள்தான் கதி. அப்படிப் போன எல்லாரும் ரிச் ஹில் ஆவதில்லை. 2011-ல் இதே அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் ஹில். 2015-ல், 35 வயதில், லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்கு இரண்டு ஆட்டம் வீசி, 11 இன்னிங்ஸில் ஒரு ரன்னும் தராமல் 21 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். செப்டம்பரில் பாஸ்டனுக்காக மேஜரில் நின்றார். அவரைப் போல உறுதியோடு இருந்து, ஊர் திரும்பி வேறு வேலைக்குப் போனவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்றா உங்கள் மகனிடம் சொல்வீர்கள்?

ஈஆர்ஏ பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2024-ல் மைனரில் அவர் வீசியது மூன்று நிலைகளிலும் சேர்த்து 36 இன்னிங்ஸுக்குச் சற்று மேலே. அவ்வளவு குறைவான இன்னிங்ஸில் ஈஆர்ஏ எதையும் சொல்லாது, இரண்டு பந்து எல்லைக்கு வெளியே போயிருந்தால் எண் மாறியிருக்கும். மைதானம், பந்து எல்லாமே மாறும். டிரிபிள்-ஏயில்தான் மேஜர் லீக் பந்து, டபுள்-ஏயில் தையல் வேறு மாதிரியான பந்து. ரேஞ்சர்ஸின் டிரிபிள்-ஏ அணியான ரவுண்ட் ராக் ஆடும் லீக்கில் ஆல்பகர்க்கி மாதிரி 1,500 மீட்டர் உயரத்து ஊர்கள் உண்டு. அங்கே காற்று மெல்லியது, ஸ்லைடர் வளையாது, அடித்த பந்து இறங்காது. நான் பார்ப்பது வாக், அதாவது நான்கு பந்து குறி தவறி, பேட் பிடித்தவரை முதல் தளத்துக்குச் சும்மா அனுப்பிவிடுவது. அந்த 36 இன்னிங்ஸில் 55 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 5 வாக்தான் கொடுத்தார். அதனால்தான் கூப்பிட்டார்கள். செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் 4 இன்னிங்ஸ், 7 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன். அவசரம் என்று நான் சொல்ல மாட்டேன்.  2025-ல் ஏப்ரல் கடைசியில் தோள்பட்டைக்காகக் காயப் பட்டியலுக்குப் போனார், ஆகஸ்டில் ரவுண்ட் ராக்குக்கு அனுப்பினார்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. ஒப்பந்தப்படி ஓர் இளம் வீரரை மூன்று சீசன்களில் இப்படி மேலும் கீழும் அனுப்பலாம். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சலிக்காமல் சொல்வது ஒன்று உண்டு. முழங்கை ஒட்டுக்குப் பிறகு வேகம் முதலில் வரும், குறி கடைசியில்தான் வரும்.

அந்தக் குறியைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபிரிஸ்கோ மைதானத்தில் புல்பென், அதாவது பிட்சர்கள் வீசிக் கையைத் தயார் செய்யும் இடம், ரசிகர் இருக்கைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் அங்கே போய், பிட்சரைப் பார்க்காமல், எதிரே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பாருங்கள். வெளி ஓரத்தில், முட்டி உயரத்தில் நீட்டியிருப்பார். பந்து வரும்போது கையுறை அசையாமல் இருந்தால் குறி சரி. ஒரு சாண் நகர்ந்தால் பரவாயில்லை. வலக்கை பிட்சரின் ஃபாஸ்ட்பால் அடிக்கடி அவர் கைப்பக்கமாகவே மேலே எழும்பி, கேட்சர் எழுந்து பிடிக்கிறார் என்றால் கை பின்தங்குகிறது, பந்து விரலிலிருந்து நேரத்தோடு விடுபடவில்லை. முதல் இன்னிங்ஸில் இல்லாமல் நான்காவதில் அது தொடங்கினால் களைப்பு. அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து வருகிறார்களா என்று பாருங்கள். நல்ல அணியில் எழுந்து வருவார்கள்.

உங்கள் வீட்டில் யாரும் எழுந்து வரவில்லையே, எஸ். 11 வயதுப் பையன் இரண்டு அணிகளுக்கு வீசுகிறான், ஸ்லைடர் போடுகிறான், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறான். நீங்கள் அவனுக்குக் கதை சொல்கிறீர்கள். பிள்ளை மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை கடிதம் முழுக்கத் தெரிகிறது, அதனால்தான் கோபமாகச் சொல்கிறேன். அந்த வயதில் முதலில் கெடுவது தசைநார் இல்லை. முழங்கை உட்புற எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு, எலும்பு வளரும் குருத்து, இன்னும் மூடவில்லை, தசைநாரைவிட அது பலவீனமானது. ஒவ்வொரு வீச்சும் அதைத்தான் பிய்த்து இழுக்கிறது. களைத்த கையோடு வழக்கமாக வீசிய இளம் பிட்சர்கள் அறுவைசிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 36 மடங்கு என்று 2006-ல் வந்த ஆய்வு சொன்னது.

மேஜர் லீக்கே வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் விதிகளை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் கூடாது. 20 வரை வீசினால் ஓய்வு வேண்டாம். 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள், 50 வரை இரண்டு, 65 வரை மூன்று, 66-க்கு மேலே நான்கு நாள் ஓய்வு. இரண்டு அணியிலும் வீசியதைக் கூட்டித்தான் கணக்கு. ஆண்டுக்கு 80 இன்னிங்ஸுக்கு மேல் கூடாது. நான்கு மாதம் பந்து வீசவே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதமாவது சேர்ந்தாற்போல. வீசிய அன்று கேட்சராக உட்காரக் கூடாது. ஃபாஸ்ட்பாலும், வேகம் குறைத்து வீசும் சேஞ்ச்-அப்பும் போதும், ஸ்லைடர் இப்போது கிடையாது. அழுவான், அழட்டும்.

இதெல்லாம் வலி போன பிறகு. இந்த வாரமே குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலிக்கிற கையை மட்டும் எக்ஸ்-ரே எடுத்தால் வளர்ச்சித் தட்டு விலகியிருப்பது தெரியாமல் போகலாம், இரண்டு முழங்கைகளையும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் வீசாதே என்பார்கள். அந்த வாரங்களில் பேட் பிடிக்கலாமா என்று அவனே கேட்கட்டும், மருத்துவர் சொல்வார். இரண்டு அணிகளில் எதை விடுவது என்பதையும் அவனே முடிவு செய்யட்டும், ஆனால் ஒன்றை விட்டாக வேண்டும்.