மதர்போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எங்கள் விண்டோஸ் லேப்டாப், மே மாதம் பிறந்ததிலிருந்து பிற்பகல் வேளைகளில் எந்த எச்சரிக்கையும் இன்றிச் சட்டென்று அணைந்துவிடுகிறது. மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுபோகிறது. இரவில் பெரும்பாலும் தொல்லை இல்லை. பழுதுபார்க்கும் கடையில், மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்கிறார்கள். செலவு செய்யும் முன் நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: உண்டு. ஆனால் எதைத் தொடுவதற்கும் முன்பாக, மகளின் பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

பிற்பகலில் அணைகிறது, இரவில் ஓடுகிறது என்று தாங்கள் எழுதியிருப்பது முதலில் சூட்டின் மீதுதான் ஐயத்தை எழுப்புகிறது. பெரும்பாலான லேப்டாப்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கென வடிவமைக்கப்படுபவை. டெல்லியின் மே மாதப் பிற்பகலில் ஏசி இல்லாத அறை அந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடும். போதாக்குறைக்கு, ஆந்தி எனும் புழுதிப்புயல் வீசும் நாட்களில் சன்னலை மூடினாலும் உள்ளே வந்துவிடும் மெல்லிய புழுதி, விசிறியை அடுத்துள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளில் படிந்து, சூடான காற்று வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. பிராசசரின் வெப்பம் 100 டிகிரியை நெருங்கும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால், கருகிப்போகாமல் இருப்பதற்காக இயந்திரம் தானாகவே அணைந்துவிடும்.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை. எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளை நிறுவி, வகுப்பு நடக்கும்போது பிராசசரின் வெப்பநிலையைக் கவனியுங்கள். 95 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகு அணைந்தால், புழுதியை அகற்றி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். மதர்போர்டு மாற்றுவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. லேப்டாப்பை மெத்தையின் மீது வைக்க வேண்டாம். ஏர் கூலருக்கு நேர் எதிரிலும் வேண்டாம். அதன் ஈரக்காற்று மின்பாகங்களுக்கு நல்லதன்று.

வெப்பம் 80 டிகிரியைத் தாண்டாமலே அணைகிறது என்றால், ஒருமுறை சார்ஜருடனும் ஒருமுறை பேட்டரியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது மட்டும் அணைந்தால் பேட்டரியையும், சார்ஜரில் மட்டும் என்றால் அடாப்டரையும் ஐயுற வேண்டும். டச்பேட் மேலே எழும்பியோ அடிப்பாகம் புடைத்தோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்த நிலையில் சார்ஜ் போடுவதையும் பயன்படுத்துவதையும் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

கணினியில் நடப்பவற்றின் பதிவேடான விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் காட்டி, மின்சுற்று பழுது என்று யாரேனும் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். இயந்திரம் முறையாக மூடப்படவில்லை என்பதைத்தான் அது தெரிவிக்கிறது. பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணைத்தாலும் அதே பதிவு விழும். அதன் விவரங்களில் பக்செக் கோட் என்ற இடத்தில் பூச்சியத்தைத் தவிர வேறு எண் இருந்தால் மட்டுமே, விண்டோஸையே நிறுத்திவிடும் நீலத்திரைப் பிழை ஒன்று நேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் என்ற கருவி கொண்டு தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்து, அண்மையில் மாற்றிய டிரைவர்களை (பாகங்களை இயக்கும் மென்பொருள்களை)ப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அணைந்துகொண்டே இருந்தால், மதர்போர்டு பழுது என்பது நம்பத்தக்க முடிவுதான். அப்போதும் டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் வேறு ஒரு கடையில் காட்டி, முழுப் பலகையையும் மாற்றாமல் பழுதான பாகத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே இயந்திரத்தை ஒப்படையுங்கள்.