உரைகல்லுக்குத் தங்கம் தெரியும், காசு தெரியாது

கேள்வி:

அன்புள்ள அண்ணாச்சிக்கு, அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஆச்சியின் காசுமாலையைப் பாகம் பிரித்தபோது என் பங்குக்குச் சவரன் என்கிற பழைய இங்கிலீஷ் தங்கக் காசு நாலு வந்தது. நாலிலும் ஜார்ஜ் மன்னர் தலை. இரண்டு 1911, ஒன்று 1913, ஒன்று 1917. உருக்கி வளையல் செய்ய மனசு வரவில்லை. இதையே தொடக்கமாக வைத்து, வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்று பழைய தங்கக் காசு சேர்க்க ஆசை. பம்பாய் சவரன், கம்பெனி மொகரா, நட்சத்திர வராகன், வீரராயன் பணம் என்று பட்டியல்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். விஷயம் தெரிந்து ஒருவர் வீட்டுக்கே வந்து ஐந்து நட்சத்திர வராகன் காட்டினார். உழும்போது கிடைத்த புதையலாம். நெல்லை டவுனில் வழக்கமாகப் போகும் நகைக்கடையில் உரைத்துப் பார்த்தேன், நல்ல தங்கம்தான் என்றார்கள். வாங்கலாமா? நம்பிக்கையான வியாபாரி ஒருவர் பெயர் சொல்ல முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

தங்கச்சி, பெயர் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு பெயரைச் சொன்னால், அண்ணாச்சியே சொல்லிவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எண்ணி வைப்பீர்கள். எனக்கு ஒழுங்காக நடந்த ஆள் உங்களிடமும் அப்படியே நடப்பார் என்பதற்கு நான் ஜாமீன் நிற்க முடியுமா? ஆளை எப்படிப் பார்த்துப் பிடிப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்து வராகன். வாங்க வேண்டாம். புதையல் என்று அவர் சொன்னது நிஜமென்றே வைத்துக்கொள்வோம். மண்ணுக்குள் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவும் கிடைத்தால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டாயிற்று. அது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. 2020-ல் திருவானைக்கா கோயில் வளாகத்தில் தோண்டும்போது 505 தங்கக் காசு கிடைத்ததே, அது அரசாங்கத்திடம்தான் போய்ச் சேர்ந்தது. ஆக, அவர் சொன்னது உண்மையென்றால் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது வம்பு. பொய்யென்றால் வந்தது போலி. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. நம் ஊரில் புதையல் கதை விற்கிற அளவுக்குப் புதையல் விற்பதில்லை. அரிசியை இழுக்கும் கலசம் என்று சொல்லி எத்தனை குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்! அந்தக் கூட்டத்துக்குத் தங்கக் காசும் ஒரு சரக்கு.

அவர் மறுபடி வந்தால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஐந்தையும் வெள்ளைத்துணியில் வரிசையாக வைத்து பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பாருங்கள். நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரம் இருக்கும். அசல் காசு ஒவ்வொன்றும் தனித்தனியாக அச்சு வாங்கியது. ஒன்றில் நட்சத்திரம் ஓரமாகப் போயிருக்கும், ஒன்றில் பெருமாளின் கிரீடம் பாதி வெளியே நிற்கும். ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே குழி, ஒரே புள்ளியில் ஒரே சிதைவு இருந்தால் ஐந்தும் ஒரே வார்ப்பில் பிறந்த பிள்ளைகள். உரைகல்லில் ஏற்றினாலும் இறக்கினாலும் அது தெரியாது.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது. நகைக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது மாற்று, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்பது. நீங்கள் கேட்க வேண்டியிருந்தது வேறு கேள்வி. பழங்காசுக்குத் தங்க விலையைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுக்க ஆள் இருக்கும்போது, போலி செய்பவன் பித்தளையில் ஏன் செய்கிறான்? நல்ல தங்கத்திலேயே செய்வான். மேற்கொண்டு கிடைப்பதெல்லாம் அவனுக்கு லாபம்தானே. போன நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட்டில் சவரனை நல்ல தங்கத்திலேயே அடித்துக் குவித்தார்கள். அவை இன்னும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதை நான் ஏட்டில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்காட்சியில் கிருஷ்ணதேவராயர் வராகன் ஒன்று வாங்கினேன். வெண்ணெய் உருண்டையோடு பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருப்பார், பின்பக்கம் மூன்று வரி நாகரி எழுத்து. எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன், தங்கம் சுத்தம் என்றார். எடையும் மூன்றே கால், மூன்றரை கிராமுக்குள் சரியாக இருந்தது. ஏழெட்டு வருஷம் பீரோவில் வைத்துப் பெருமைப்பட்டேன். அப்புறம் ஒரு பெரியவர் லென்ஸை வைத்து அரை நிமிஷம் பார்த்தார். எழுத்தின் ஓரமெல்லாம் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருந்தது, முகத்தில் ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் அரம் போட்ட கோடு. வார்ப்பு. "தங்கம் எங்கயும் போகல, உங்க காசுதான் போச்சு" என்றார். விற்றவரைத் தேடிப் போனால் அந்த விலாசத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது. ரசீதும் வாங்கியிருக்கவில்லை. யாரைக் குறை சொல்ல?

உங்களிடம் இருக்கும் நாலு சவரனையும் இனிமேல் யாரிடமும் உரைக்கக் கொடுக்காதீர்கள். உரைத்தால் காசில் தழும்பு விழும். தங்கம்தானா என்று பார்க்க நகைக்கடையில் காரட் மெஷின் இருக்கிறது. வீட்டிலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு. சவரன் 22 காரட், எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர். மில்லிகிராம் தராசில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 0.45 கிராமை ஒட்டிக் காட்டினால் 22 காரட்டோடு ஒத்துப்போகிறது. முலாம் பூசிய வெள்ளி அதே எடையில் இருந்தால் 0.77 காட்டும், பித்தளை 0.9-ஐத் தாண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆர்க்கிமிடீஸ் நடத்தும்போது இதையே செய்து காட்டலாம், பிள்ளைகள் மறக்காது. ஆனால் இதுவும் தங்கத்தைத்தான் சொல்லும். காசைச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

சரி, ஆளுக்கு வருவோம். எல்லாரும் வாங்கிப் பார்த்துத்தான் வியாபாரியைச் சோதிப்பார்கள். நான் சொல்வது, முதலில் விற்கப் போங்கள். உங்கள் 1911 இரண்டில் சுமாராக இருப்பதை எடுத்துக்கொண்டு மதுரையிலோ சென்னையிலோ காசு வியாபாரிகள் மூன்று பேரிடம் போங்கள். விலை சரிவந்தால் நிஜமாகவே கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு போங்கள், சும்மா அலைக்கழிக்க வேண்டாம். வாங்கும்போது எல்லாக் கடையிலும் காபி வரும். விற்கப் போகும்போதுதான் மனுஷன் தெரிவார்.

அவர் காசை எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். காசு தெரிந்தவர் விளிம்பில் இரண்டு விரலால் பிடிப்பார், முகத்தைத் தொட மாட்டார். தராசை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். அடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்ப்பார். காசுமாலையில் இருந்த காசு இல்லையா, கொக்கி வைத்துப் பற்றாசு ஊதிய தடம் எங்கேயாவது ஒரு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, "இது மாலையில் இருந்தது, சேகரிப்பவன் விலை வராது, தங்க விலைதான் வரும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாரே, அவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனசுக்குக் கசப்பாகத்தான் இருக்கும். விற்க வருகிறவரிடம் குறையைச் சொல்ல எல்லாருக்கும் தெரியும். அதே ஆள் தன் காசை உங்களுக்கு விற்கும்போதும் அதன் குறையைச் சொல்கிறாரா என்று அடுத்த தடவை பார்த்துவிடலாம்.

தங்கக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். ஒரு சவரனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய 24 காரட் விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை கையில் இருக்கும். நம் பக்கம் பவுன் என்றால் எட்டு கிராம் என்று மனசில் பதிந்துவிட்டதால், சவரன் காசையும் எட்டு கிராம் சுத்தத் தங்கமாகக் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

வாங்கும் நாள் வந்தால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். "இதையே ஆறு மாசம் கழித்து உங்களிடமே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" நல்ல வியாபாரி கொஞ்சம் யோசித்துக் குறைவான ஒரு தொகையைச் சொல்வார். பத்து, பதினைந்து சதவீதம் குறைத்துச் சொன்னாலும் அது நேர்மையான பதில். அவரும் கடை வாடகை கொடுக்க வேண்டுமே. "விலை ஏறிக்கிட்டேதாம்மா போகும், இன்னைக்கு விட்டா கிடைக்காது" என்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறவரிடம் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் மொகரா மாதிரிப் பெரிய தங்கக் காசுக்குப் போகாதீர்கள். முதல் இரண்டு தடவை அவரிடம் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு வெள்ளி ரூபாயோ செப்புக் காசோ வாங்குங்கள். அதை வேறொருவரிடம் காட்டுங்கள். சின்னக் காசில் சரியாக இருப்பவர்தான் பெரிய காசிலும் இருப்பார் என்று சொல்ல வரவில்லை; சின்னக் காசிலேயே கை வைப்பவரை இப்படிக் கழித்துவிடலாம்.

உங்கள் பட்டியலில் பம்பாய் சவரன் நல்ல தேர்வு. லண்டன் நாணயச்சாலையின் கிளையாகப் பம்பாயில் சவரன் அடித்தது 1918 என்ற ஒரே வருஷக் காசுதான். பின்பக்கம் குதிரையின் காலுக்குக் கீழே இருக்கும் தரைக்கோட்டின் நடுவில், வருஷத்துக்கு மேலே, சின்னக் குச்சி போல இங்கிலீஷ் ஐ எழுத்து இருக்கும். ஆனால் சுமார் 13 லட்சம் காசு அடித்தார்கள். உலகத்திலேயே பத்துதான் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் அங்கே அடித்த 15 ரூபாய்த் தங்கக் காசும் எடையிலும் அளவிலும் சவரனுக்குச் சோடிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும். வீரராயன் பணத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அரை கிராம்கூட இல்லாத பொடிக் காசு, நம் கண்ணுக்கு வேலை அதிகம்.

காகிதம். ரசீதில் 'பழைய காசு 1' என்று எழுதினால் வாங்காதீர்கள். காசின் பெயர், வருஷம், எங்கே அடித்தது, எடை, கொக்கித் தடம் உண்டா இல்லையா, போலி என்று தெரிந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்ற ஒரு வரி, எல்லாம் இருக்க வேண்டும். நூறு வருஷத்தைத் தாண்டிய காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். அதே சட்டப்படி அந்தக் காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆகவே துபாயில் இருக்கும் சொந்தக்காரர் விற்றுத் தருகிறேன் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் விற்பவர் ரொக்கமாக வாங்குவது எப்படியும் சட்டத்துக்கு விரோதம்.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, வெளிநாட்டுக் கம்பெனி தரம் போட்டுக் கொடுத்த காசும் வருகிறது. நல்லதுதான். ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். பெட்டியில் இருக்கும் எண்ணை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படமும் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா என்று கீறலுக்குக் கீறல் ஒத்துப் பாருங்கள். விலை தெரிய வேண்டுமானால், மும்பை, பெங்களூரு ஏலக்காரர்கள் முந்தைய ஏலத்தில் எந்தக் காசு எவ்வளவுக்குப் போனது என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குகிறது, கமிஷன் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். 2021-லேயே ரிசர்வ் வங்கி அப்படி எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டிருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு கோடை விடுமுறையில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், காசு வைத்திருக்கும் கூடத்தில் ஒரு முழு நாள் உட்காருங்கள். அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும். அப்புறம், ஆச்சி காசை பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வீட்டில் யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். புளியும் வேண்டாம். ஆசாரியிடம் கொடுத்துக் கொக்கித் தடத்தை மெருகேற்றவும் வேண்டாம். அந்த அழுக்கு இருக்கட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் நாலாவது காசு 1917 என்று எழுதியிருக்கிறீர்கள், குதிரைக்குக் கீழே எழுத்து இருக்கிறதா என்று எழுதவில்லை. எஸ், எம், பி என்று ஏதாவது இருந்தால் சிட்னி, மெல்பர்ன், பெர்த். சி இருந்தால் கனடா. எழுத்தே இல்லையென்றால் அது லண்டன் 1917. அந்த வருஷத்து லண்டன் சவரன் அபூர்வம். அதனாலேயே அதில் போலியும் நிறைய. பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து இல்லையென்றால் அந்த வராகன்காரரிடம் மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள். நேரே எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.