மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் ஒன்றுதானா?

வண்ணாரப்பேட்டையில் மகளைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிட்டு, "மேஜர் ஸ்கேல் என்றால் என்ன, அது நம் சங்கராபரணம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கீபோர்டில் வெள்ளையோ கறுப்போ, ஒட்டியிருக்கும் இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ளது அரை இடைவெளி. நடுவில் ஒரு கட்டையை விட்டுத் தாண்டினால் முழு இடைவெளி. முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. எந்தக் கட்டையில் தொடங்கி இந்த வரிசையில் ஏறினாலும் கிடைப்பது மேஜர் ஸ்கேல்தான். 'சி'யில் தொடங்கினால் வெள்ளைக் கட்டைகளே போதும். 'இ'க்கும் 'எஃப்'க்கும் நடுவிலும், 'பி'க்கும் 'சி'க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லாததால் இரண்டு அரை இடைவெளிகளும் தானாகச் சரியான இடத்தில் விழுகின்றன. 'ஜி'யில் தொடங்கினால் ஆறு ஸ்வரம் வரை வெள்ளையிலேயே ஓடும். ஏழாவதற்கு 'எஃப் ஷார்ப்' என்ற கறுப்புக் கட்டை வேண்டும். அங்கே வெள்ளை 'எஃப்' வாசித்தால் அரிகாம்போதி என்ற வேறு ராகம் ஆகிவிடும், வாசித்தே பாருங்கள்.

சரி, சங்கராபரணம். கர்நாடக இசையில் 29-வது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம்; ஸ்வரஸ்தானங்கள், அதாவது ஸ்வரங்கள் நிற்கும் இடங்கள், மேஜர் ஸ்கேலில் உள்ள அதேதான். ஆனால் ராகத்துக்கு உயிர் கமகம், அதாவது ஸ்வரங்களை அசைத்தும் இழைத்தும் பாடுவது. மேஜர் ஸ்கேலில் ஸ்வரங்கள் அசையாமல் நிற்கும், அவற்றை அடுக்கித்தான் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) கட்டுகிறார்கள்.

இரண்டும் சந்தித்த இடம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கேட்ட ஆங்கிலேய பேண்டு இசையின் தாக்கம்தான் சங்கராபரணத்தில் அவர் செய்த நோட்டுஸ்வரங்கள். கமகம் இல்லாத நேரான மெட்டுகள். 'சி மேஜர்' கை பழகியதும் மகளுக்கு அதில் ஒன்றைக் கொடுங்கள்.