அடி என்றால் எந்த அடி?

"ஒரே சொல் துறைக்குத் துறை வேறு வேறு பொருளில் வருமா? வந்தால், சொல்கிறவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று எப்படிப் பிடிப்பது? தமிழில் ஒரு உதாரணம் வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் 'அடி'யை எடுத்துக்கொள்வேன். யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம் நடத்தும் தமிழாசிரியர், மேட்டூர் நிலவரம் பார்க்கிற டெல்டா விவசாயி, மனை விற்கிற புரோக்கர், போர்வெல் போடுகிற வண்டிக்காரர், பறை வாசிப்பவர், அடுப்பில் பால் வைத்தவர் என்று எல்லார் வாயிலும் இந்த ரெண்டெழுத்து தினமும் வருகிறது. ஒருவருடைய அடி இன்னொருவருக்கு உதவாது.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். பெயர்ச்சொல்லான அடி என்பது பாதம், அதிலிருந்து கீழ்ப்பகுதி, அதிலிருந்து அளவு. இன்னொரு அடி வினைச்சொல், அடித்தல். இந்த வினைக்கு அளவே இல்லை. வெயில் அடிக்கும், போன் அடிக்கும், பெயிண்ட் அடிப்பார்கள், பரீட்சையில் காப்பி அடிப்பார்கள், லாட்டரி அடித்தால் அன்றைக்கே தண்ணியும் அடிப்பார்கள். இதெல்லாம் பேச்சு வழக்கின் தாராளம், துறைச் சொல் ஆகாது. துறைச் சொல் என்றால் அந்தத் துறைக்காரர்கள் அதற்கு ஒரு கறாரான வரம்பு வைத்திருக்க வேண்டும், அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் யாருக்காவது மார்க்கோ காசோ தண்ணீரோ குறைய வேண்டும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் மூன்று நான்கு இடம்தான் தேறும்.

யாப்பில் அடி என்பது சீர்கள், அதாவது ஓசைப்படி பிரிகிற துண்டுகள், சேர்ந்து அமைவது. தாளில் தெரிகிற வரி அல்ல, இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ளவேண்டும். ஓலைச்சுவடியில் அடி அடியாக மடக்கி எழுதும் பழக்கம் கிடையாது, இடம் வீணாகாமல் ஒரே ஓட்டமாக எழுதிப் போவார்கள், படிக்கிறவர் ஓசையை வைத்து எங்கே அடி முடிகிறது என்று பிரித்துக்கொள்வார். அச்சு வந்த பிறகு இன்னொரு குழப்பம். கம்பனின் விருத்தங்களைப் பல பதிப்புகளில் எட்டு வரியாக மடித்துப் போட்டிருப்பார்கள், ஆனால் பாட்டு நாலடிதான். பையன்கள் வரியை எண்ணி எட்டு என்று எழுதிவிட்டு வருவது இதனால்தான்.

இரண்டு சீர் இருந்தால் குறளடி, மூன்று என்றால் சிந்தடி, நான்கு அளவடி, ஐந்து நெடிலடி, அதற்கு மேல் போனால் கழிநெடிலடி. இது பின்னால் வந்த இலக்கண நூல்களின் கணக்கு. தொல்காப்பியமோ இதே குறளடி, சிந்தடி என்ற பெயர்களை வைத்துக்கொண்டு எழுத்தை எண்ணுகிறது, நாலு முதல் ஆறு எழுத்துவரை குறளடி என்று ஆரம்பித்து இருபது வரை போகும். அதாவது யாப்பு என்ற ஒரே துறைக்குள்ளேயே நூலுக்கு நூல் அளவுகோல் மாறுகிறது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், திருக்குறள் இருப்பது குறள் வெண்பாவில், ஆனால் சீர்க்கணக்குப்படி அதில் ஒரு குறளடிகூடக் கிடையாது! முதலடி நான்கு சீர், அதாவது அளவடி. இரண்டாமடி மூன்று சீர், சிந்தடி. அங்கே குறள் என்றது பாட்டின் குறுமையை, குறளடியில் அடியின் குறுமையை. கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும், தேர்வு எழுதும்போது பாருங்கள்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அடியை ஒரு வடிகட்டி மாதிரியே பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லாம் அகப்பாட்டுதான், ஆனால் 4 முதல் 8 அடிவரை உள்ளதெல்லாம் குறுந்தொகைக்கு, 9 முதல் 12 வரை நற்றிணைக்கு, 13 முதல் 31 வரை அகநானூற்றுக்கு. அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்ற பெயர் அதனால் வந்ததுதான். குறுந்தொகையில் 307, 391 ஆகிய இரண்டு பாட்டும் 9 அடி, வரம்பைத் தாண்டி உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. நாலடியாருக்குப் பெயரே அடிக்கணக்கில்தான்.

சரி, தமிழாசிரியரை விட்டுவிட்டு அணைக்குப் போவோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நாளிதழில் "நீர்மட்டம் 60 அடி" என்று பார்த்ததும் அணை பாதி நிறைந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பாதி கிடையாது, 60 அடியில் ஏறக்குறைய 25 டிஎம்சிதான் இருக்கும், கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. நீர்த்தேக்கம் கீழே குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருப்பதால் மேலே ஏறுகிற ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். 100 அடியில் ஏறக்குறைய 65 டிஎம்சி, மீதி இருபது அடியில் இன்னொரு 28. ஆகவே அணையில் அடி என்பது உயரம் மட்டும், தண்ணீரின் அளவு அல்ல. டெல்டா பாசனத்துக்கு அணை திறக்கிற ஜூன் 12 நெருங்கும்போது டீக்கடையில் "தொண்ணூறு அடி இருக்கா?" என்று கேட்பவருக்கு இது நன்றாகத் தெரியும், அவர் அடியைச் சொல்லும்போதே மனசுக்குள் டிஎம்சியாக மாற்றிக்கொண்டுவிடுவார். நகரத்தில் உட்கார்ந்து செய்தி படிக்கிறவர்தான் ஏமாறுவது.

அதே செய்தியில் அடுத்த வரியில் "நீர்வரத்து விநாடிக்கு 10,000 கன அடி" என்று வரும். இது வேறு அடி. முன்னது நீளம், இது கொள்ளளவு, அதுவும் நேரத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது. சிலர் 'விநாடிக்கு' என்பதையும் விட்டுவிட்டு "பத்தாயிரம் கன அடி வருது" என்கிறார்கள், பழகினவர்களுக்குள் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் வந்தால் ஒரு டிஎம்சி சேரும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எந்த அணைச் செய்தியையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு அணைகளை அடியை வைத்து ஒப்பிடுவதும் வீண். செம்பரம்பாக்கம் முழுதாக நிறைந்தாலே 24 அடிதான். தேனிப் பக்கம் போனால் 'நூத்தி நாப்பத்திரண்டு' என்றாலே போதும், அடி என்று சொல்லக்கூடத் தேவையில்லை. முல்லைப் பெரியாறு அணையின் முழு மட்டம் 152, 1979-இல் 136-க்கு இறக்கினார்கள், உச்ச நீதிமன்றம் 2006-இலும் மறுபடி 2014-இலும் 142 வரை தேக்கலாம் என்றது. நடுவில் இருக்கிற அந்த ஆறு அடிக்காக தமிழ்நாடும் கேரளாவும் வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்றன.

அடுத்தது மனை. இங்கே சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சென்னைக்காரர்கள் சொல்கிற ஒரு கிரவுண்டு 2400. ஆனால் பட்டாவை எடுத்துப் பார்த்தால் அதில் அடியும் இருக்காது சென்ட்டும் இருக்காது, ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1076 சதுர அடி. ஃபிளாட் வாங்கினால் தலைவலி இன்னும் கூடும். எனக்குத் தெரிந்த ஒருவர் "ஆயிரத்து இருநூறு சதுர அடி" என்று விளம்பரம் பார்த்துப் போனார், வீட்டுக்குள் டேப்பைப் பிடித்தால் தொள்ளாயிரம்கூட வரவில்லை. விற்கிறவர் சொன்னது சூப்பர் பில்டப், அதாவது மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்து. இவர் நினைத்தது கார்பெட் ஏரியா, கால் வைத்து நடக்கிற இடம். 2016-இல் வந்த ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் கார்பெட் ஏரியாவைத்தான் சொல்லி விற்கவேண்டும் என்கிறது, இருந்தாலும் வாய்ப்பேச்சில் இன்னும் பழைய கணக்குதான் ஓடுகிறது. சதுர அடி என்பதில் ஒரு சந்தேகமும் கிடையாது, எதை அளந்தது என்பதில்தான் எல்லாம்.

இந்த அளவுக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரண்டடிக் கோல், பதினெட்டடிக் கோல் என்று நிலம் அளக்கும் கோல்கள் வருகின்றன. அந்த அடியை இன்றைய 12 அங்குல அடியாக, அதாவது 30.48 சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டு பரப்பு கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

மற்றதையெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் அடி என்றால் பாத்திரத்தின் அடி, அது கனமாக இல்லாவிட்டால் பால் அடிபிடிக்கும். வயலில் அடியுரம் என்பது நடவுக்கு முன் போடுவது, வளர்ந்த பிறகு போடுவது மேலுரம். போர்வெல்காரர் அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவார், தெருமுனையில் இருக்கிற அடிபம்பில் உள்ளதோ அடிக்கிற அடி. கணக்குப் பாடத்தில் அடுக்குக்குக் கீழே இருப்பது அடிமானம் (ஓர் எழுத்து மாறி அடமானம் ஆனால் அடகுக்கடைக்காரர் வந்துவிடுவார்).

பறையில் அடி என்றால் ஒரு முழுத் தாளக்கட்டு. ஒத்தையடி, சாமிச்சாத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் உண்டு, சாவுக்கு வாசிப்பதைக் கல்யாணத்தில் வாசித்தால் சும்மா விடமாட்டார்கள். அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்று கையில் இருக்கிற ரெண்டு குச்சிக்கும் தனித்தனிப் பெயர். வினையிலிருந்து வந்த அடி துறைச் சொல்லாகக் கெட்டிப்பட்டதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை.

பக்தியில் பாதம்தான் எல்லாம். திருவடி, அடியார், அடியேன். பன்மை சேர்ந்து 'அடிகள்' ஆனால் அது மரியாதைக்குரிய ஒரு ஆள், இளங்கோவடிகள், மறைமலையடிகள் மாதிரி. இலங்கையில் கத்தோலிக்கப் பாதிரியார்களையும் அடிகளார் என்பார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எப்படிப் பிடிப்பது. அடியைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். முன்னால் எண் இருக்கிறதா, எண்ணுக்கும் அடிக்கும் நடுவில் 'சதுர'வோ 'கன'வோ இருக்கிறதா, பின்னால் 'கள்' ஒட்டியிருக்கிறதா, வேறொரு பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. முக்கால்வாசி இதிலேயே தெரிந்துவிடும். வெறும் எண்ணும் அடியும் மட்டும் வந்தால் சொல்கிறவர் யார் என்று பார்க்கணும், "நாலடி" என்று புலவர் சொன்னால் ஒன்று, தச்சர் சொன்னால் ஒன்று, போலீஸ்காரர் சொன்னால் வேறொன்று. இடப்பெயரோடு ஒட்டினால் அது பக்கம், அருகு என்ற பொருளைத் தரும், மரத்தடி, கிணற்றடி போல. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் தாராளம், "கோயிலடியில நிக்கிறன்", "கடையடிக்கு வா" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அங்கே யாரும் யாரையும் அடிக்கவும் இல்லை, டேப் பிடித்து அளக்கவும் இல்லை.